இருபத்து நான்காவது கதவு

நெருஞ்சிக்காட்டூரில் ஆயில்மில் சந்து என்று ஒரு சந்து, ஒரு பக்கம் பன்னிரண்டும் எதிர்ப்பக்கம் பதினொன்றுமாக இருபத்து மூன்று வீடுகள். மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தே கால் மணிக்கு, அந்தச் சந்தின் நாலாவது வீட்டுக்காரி தமயந்தி சந்தைக்குப் போய் வந்து வேப்ப மரத்தடியில் காரை நிறுத்தி, இறங்கி, ரிமோட்டை அமுக்கிப் பூட்டியபோது, காரின் நான்கு கதவுகளோடு சேர்ந்து இருபத்து மூன்று வீடுகளின் வாசற்கதவுகளும் பூட்டிக்கொண்டன.

மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது சந்தின் நலச் சங்கத் தலைவராக இருந்த கந்தப்பன், குளித்த ஈரத்துண்டோடு செடிக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்தவர் வெளியிலேயே நின்றார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கோலப்பொடி வாங்க வந்தவள் கோலப்பொடியோடு நின்றாள். தாழ்ப்பாள் போட்ட கதவு, நாதாங்கி மாட்டிய கதவு, பூட்டே இல்லாமல் வெறும் கயிறு கட்டிய கதவு என்று எந்த வித்தியாசமும் இல்லாமல் எல்லாம் ஒரே சத்தத்தோடு இறுகின. தமயந்தி மறுபடி அமுக்கினாள். எல்லாம் திறந்தன. பொங்கி வழிந்த பாலைத் துடைத்துவிட்டு, ஈரத்துண்டை மாற்றிக்கொண்டு, சந்து முழுவதும் அவள் வாசலுக்கு வந்தது. இது எப்படி நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மத்தியானம் வெளியே போவாயா, போனால் எத்தனை மணிக்கு வருவாய் என்றுதான் கேட்டார்கள்.

தமயந்திக்கு நாற்பத்து நான்கு வயது. ஐ.டி.ஐ. படித்து, பை-பாஸ் ரோட்டில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் இருபது வருஷமாக வயரிங் கட்டுகிறவள். முன் விளக்கிலிருந்து பின் விளக்குவரை ஒரு லாரியின் நரம்பு முழுவதையும் தரையில் விரித்துப் போட்டுக் கட்டி முடித்துத் தூக்கிக் கொடுப்பாள். புருஷன் குணசேகரன் வடக்கே லோடு கொண்டுபோகிற டிரைவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான். அந்தத் தவிட்டு நிறக் காரை அவர்கள் கடலோர ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து பழசாக வாங்கியிருந்தார்கள். உப்புக்காற்று குடித்த வண்டி, எங்கேயாவது பச்சை பூத்திருக்கும், என்றைக்காவது தொல்லை கொடுக்கும் என்று வாங்கும்போதே அவள் சொல்லியிருந்தாள். இப்படிக் கொடுக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

மனிதர்கள் எதற்கும் பழகுவார்கள், சந்து பத்தே நாளில் பழகியது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை விடுகிற நேரம், ரேஷன் கடைக்குப் போகிற நேரம், மாமியார் உறங்குகிற நேரம் என்று வீட்டுக்கு வீடு ஒரு சீட்டில் எழுதித் தமயந்தியிடம் கொடுத்தார்கள். அவளும் அந்தச் சீட்டுகளை ஸ்டியரிங் பக்கத்தில் சொருகிவைத்துக்கொண்டு, பட்டறைக்குப் போகும்போது பூட்டி, சாப்பாட்டுக்கு வரும்போது திறந்து, ஊர்க்கதவுகளை நடத்தினாள். சாவிக்கொத்துகள் குழந்தைகள் கைக்குப் போய்க் கிலுகிலுப்பையாயின. கோபித்துக்கொண்டு கதவை அடைத்துக்கொள்ளும் வழக்கமுடைய இரண்டு புருஷன் பெண்டாட்டிகள், அடைக்க முடியாததால் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நட்டநடுப் பகலில் பதினாறாவது வீட்டுக்குள் நுழைந்த திருடன் ஒருவன், தமயந்தி பட்டறையிலிருந்து வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்து, அலுத்துப்போய், காய்ந்த துணிகளையெல்லாம் மடித்துவைத்துவிட்டு, அவள் திறந்ததும் கும்பிட்டுப் போனான். பக்கத்துத் தெருக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள்.

பங்குனி பிறந்ததும் கோளாறு முற்றியது. யாரும் எதையும் அமுக்காமலே கதவுகள் தாமாகப் பூட்டின, திறந்தன, சில மத்தியானங்களில் பன்னிரண்டு தடவை அடித்துக்கொண்டன. ஒரு கன்றுக்குட்டிக்கு வாலில் அடிபட்டது. கந்தப்பனின் பேத்திக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து, வருகிற உறவுக்காரர்கள் கதவில் கை நசுங்கிப் போகக்கூடாது என்பதால், அதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று சங்கம் கூடி முடிவெடுத்துத் தமயந்தியிடம் சொன்னது. அவள் கார் விற்கிற கம்பெனி ஒன்றின் சர்வீஸ் ஆட்களுக்குப் போன் செய்தாள். முழுதாகக் கேட்பதற்கு முன்பே, கதவு, விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் ஆளுகிற கன்ட்ரோல் மாட்யூல் போயிருக்கும், புதுசு போட வேண்டும் என்றார்கள். சோதித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். எல்லாருக்கும் அதுதான் போடுகிறோம் என்றார்கள். தமயந்தி போனை வைத்தாள். தொட்டுப் பார்க்காமல் மருந்து சொல்கிறவனை அவள் மனிதர்களுக்கே நம்பியதில்லை. பட்டறையில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, ஸ்கேனரை இரவல் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேப்ப மரத்தடியில் பானெட்டைத் திறந்தாள்.

எதையும் கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டும் என்பது அவள் வழக்கம். பேட்டரியை அளந்தாள், பன்னிரண்டரை வோல்ட், நன்றாக இருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஒன்றுகூட எரியவில்லை. கரண்டைத் திறந்து மூடுகிற ரிலேக்களை இடம் மாற்றி மாட்டிப் பார்த்தாள், குணம் மாறவில்லை. டிரைவர் சீட்டுக்குக் கீழே விரிப்பைத் தூக்கியபோது, எர்த் வயர் பாடியில் சேருகிற இடத்தில் போல்ட்டைச் சுற்றி உப்பும் துருவும் இட்லி மாதிரி உப்பியிருந்தன. அதைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு வெள்ளையாகச் சிரிக்கும்வரை தேய்த்து, மறுபடி முடுக்கினாள். அன்றோடு கதவுகள் தாமாக அடித்துக்கொள்வது நின்றது. ரிமோட்டுக்கு மட்டும் கட்டுப்பட்டன. சந்து அத்தோடு போதும் என்றது. தமயந்தி போதாது என்றாள். பாதிக் காய்ச்சல் இறங்கினால் நோய் போய்விட்டதாக ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனரைச் சொருகினாள். ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டினால், வண்டிக்குள் எந்த உறுப்பு என்ன சொல்கிறது என்று சின்னத் திரையில் காட்டுகிற பெட்டி அது. கதவுகளின் நிலையைக் கேட்டாள். நான்கு கதவுகளைக் காட்டி நிற்க வேண்டிய வரிசை நிற்காமல் கீழே ஓடியது: ஐந்து, ஆறு, ஏழு என்று இருபத்தெட்டுவரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே சாத்தியுள்ளது, திறந்துள்ளது என்று எழுதியிருந்தது; அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ வீட்டுக்குள் போனார்கள், பதினொன்று திறந்து சாத்தியது. இருபத்தெட்டாவதுக்கு நேரே மட்டும், பதில் இல்லை என்றிருந்தது.

இருபத்தெட்டில் காரின் நான்கைக் கழித்தால் இருபத்து நான்கு. சந்தில் இருப்பது இருபத்து மூன்று வீடு. தமயந்தி விரல் விட்டு எண்ணினாள், பிறகு நடந்துபோய் எண்ணினாள். கந்தப்பனிடம் கேட்டாள், இருபத்து மூன்றுதான், சந்தா வசூலிக்கிறவனுக்குத் தெரியாதா என்றார் அவர். புறக்கடைக் கதவு, குளியலறைக் கதவு, சாமி அறைக் கதவு எதுவும் என்றைக்கும் ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டதில்லை. ஒரு மனுஷர் வெளியுலகத்துக்குப் போவதற்கென்று எந்தக் கதவு இருக்கிறதோ அது மட்டும்தான் கட்டுப்பட்டது. அப்படியானால் யாரோ ஒருவருக்கு, யாருக்கும் தெரியாத ஒரு வாசல் இருக்கிறது.

தொலைந்த வயரைத் தேடுகிறவள் நுனியிலிருந்து நுனிவரை கைவைத்துப் போவதுபோல, திங்கட்கிழமை அவள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று அமுக்கி, காது கொடுத்துக் கேட்டாள். சந்து வளைகிற இடத்தில் பத்தொன்பதாவதாக இருந்தது செங்கோட்டுவேலின் வீடு. லாரிகளுக்கு ஃபைனான்ஸ் செய்கிறவர், மாடி வீடு, வாசலில் கிரானைட் படி. அவருடைய அம்மா பழனாத்தாள் கையில் மூடிய தட்டோடு மாடிப்படிப் பக்கம் போய்க்கொண்டிருந்தவள், தமயந்தியைப் பார்த்ததும் நின்றாள். எங்கள் வீட்டில் ஒரே வாசல்தான் என்று, கேட்பதற்கு முன்பே சொன்னாள். தமயந்தி ரிமோட்டை அமுக்கினாள். வாசற்கதவு பூட்டியது. மொட்டை மாடியிலிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். போதிய கரண்ட் கிடைக்காத ரிலே, இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல், ஒரு துடி துடித்து அடங்குகிற சத்தம். அவள் மறுபடி அமுக்கினாள், மறுபடி டக். பிறகு, அவள் அமுக்காமலே, மாடியிலிருந்து இன்னொரு டக் வந்தது. அது இரும்புக் கதவில் விரல் முட்டி தட்டுகிற சத்தம். தமயந்தி இரண்டு தடவை அமுக்கினாள். விரல் இரண்டு தடவை தட்டியது. மூன்று தடவை அமுக்கினாள். மூன்று.

பழனாத்தாள் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

செங்கோட்டுவேலின் தங்கை ரேணுகா நர்சிங் படித்தவள். போன ஆவணியில், வீட்டார் ஒப்பாத ஒருவனைக் கட்டிக்கொள்வேன் என்று சொன்னாள். அதற்கு அடுத்த வாரம் அவள் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவள் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றைக் காட்டி, விசாரிக்க வந்தவர்களைக் காப்பி கொடுத்துத் திருப்பியனுப்பினார்கள். சென்னைக்குப் போனவள் பெட்டி எடுத்துக்கொண்டு சந்து வழியே நடந்ததை இருபத்து மூன்று வீட்டில் ஒரு வீடும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை ஏழு மாதமாக யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவுமில்லை. கதவுகளுக்குப் பத்து நாளில் பழகிய சந்து, இதற்கு இன்னும் சீக்கிரமாகப் பழகியிருந்தது. தமயந்தியும் பழகியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கோளாறு பிடிபட்டது. டிரைவர் பக்கத்துக் கதவும் வண்டியும் சேருகிற கீல் அருகே, வயர்களெல்லாம் ஒரு ரப்பர் குழாய்க்குள் போகும். பத்து வருஷம் கதவைத் திறந்து திறந்து மூடியதில் அங்கேதான் வயர் வெட்டுப்படும். அவள் ரப்பரை இழுத்துவிட்டு ஒவ்வொரு வயரையும் மெல்ல வளைத்துப் பார்த்தாள். பழுப்பு நிற வயர் மேலே தோல் முழுதாக இருக்க, உள்ளே செம்பு இற்றுப்போயிருந்தது. இருபது இழையில் இரண்டு இழைதான் உயிரோடு இருந்தன. அந்த இடத்தைத் தாண்டி வேறொரு வயரைத் தற்காலிகமாகக் கோத்துப் பார்த்தாள். ஸ்கேனரில் வரிசை சட்டென்று சுருங்கி நான்கு கதவோடு நின்றது. ரிமோட்டை அமுக்கினால் கார் மட்டும் பூட்டியது, சந்து சும்மா இருந்தது. கோத்த வயரை எடுத்தாள். இருபத்தெட்டும் திரும்பி வந்தன.

அவ்வளவுதான் வைத்தியம். ஒரு பற்றவைப்பு, ஒரு சுற்று டேப், கால் மணி நேர வேலை. வெள்ளிக்கிழமை காதுகுத்து நிம்மதியாக நடக்கும், அந்த இருபத்து நான்காவது கதவு ஸ்கேனரிலிருந்தும் சந்திலிருந்தும் மறைந்துபோகும்.

தமயந்தி சோல்டரிங் கம்பியை எடுத்து, பிறகு கீழே வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இரண்டு இழை வழியே போகிற கரண்ட் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை இருபத்து மூன்று கதவும் பங்கு போட்டுக் குடித்தது போக, கடைசிக் கதவுக்கு வந்து சேருவது ஒரு துடி துடிப்பதற்குத்தான் போதும். பழுதைச் சரிசெய்தால் அந்தக் கதவே இல்லை. சரிசெய்யாவிட்டால் அதற்குச் சக்தி இல்லை. ஆனால் ஏற்கெனவே விரியத் திறந்து கிடக்கிற கதவுக்கு மாட்யூல் உத்தரவு அனுப்பாது என்பதை அவள் திரையில் பார்த்திருந்தாள். மற்ற எல்லாக் கதவும் திறந்து கிடந்தால், இருக்கிற கரண்ட் முழுக்க ஒரே கதவுக்குப் போகும்.

ராத்திரி குணசேகரன் நாக்பூரிலிருந்து போன் செய்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஆள் லேசுப்பட்டவரில்லை என்று அவன் சொன்னான். பிறகு, செய்வதென்றால் அரைகுறையாகச் செய்யாதே, கையோடு கூட்டிக்கொண்டு போய்விடு என்றான்.

புதன்கிழமை செங்கோட்டுவேலே வந்தார். வேப்ப மரத்தடியில் நின்று, வேலையைப் பாராட்டி, எதற்கு இந்த வெயிலில் கஷ்டப்படுகிறாய், மாட்யூலைப் புதுசாக நானே வாங்கிப் போட்டுவிடுகிறேன், இன்றைக்கே வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறேன் என்றார். அவர் குரல் எப்போதும்போல மரியாதையாகத்தான் இருந்தது. தமயந்தி பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"மாட்யூல் நல்லாத்தானுங்ணா இருக்குது. அது எதையும் மறைக்கலைங்க."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுரு அம்மிணி. இல்லைன்னா வண்டி இங்க நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லா வாசலிலும் ஒரே வார்த்தையைச் சொன்னாள்: நாளை பன்னிரண்டு மணிக்கு உங்கள் வாசற்கதவை விரியத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி ஒரு கல்லை வைத்து நிறுத்துங்கள், கோளாறைக் கண்டுபிடிக்க அப்படித்தான் செய்ய வேண்டும். சிலர் சரி என்றார்கள். சிலர் தரையைப் பார்த்துச் சரி என்றார்கள். வெயிலில் பூனை வருமே என்றாள் ஒருத்தி. வரட்டும் என்றாள் தமயந்தி. கந்தப்பன் மட்டும்தான் கேட்டார்.

"எல்லாக் கதவையும் திறந்து வெச்சுட்டா, அப்பறம் எந்தக் கதவைம்மிணி சோதிக்கப் போறே?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

கந்தப்பன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், போடாமலே மறுபடி பையில் வைத்தார். பத்தொன்பதாவது வீட்டுக்கு அவள் கடைசியாகப் போனாள். பழனாத்தாளிடமும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள், கூட ஒன்றும் சேர்க்கவில்லை, குறைக்கவுமில்லை. பழனாத்தாள் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு முதல் கல் வந்தது. அன்றைக்குக் கோலப்பொடியோடு நின்ற அந்தக் கோலப்பொடிக்காரி அம்மிக்குழவியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து தன் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். எதிர்வீட்டில் செங்கல், அடுத்த வீட்டில் அரிசி மூட்டை, அதற்கடுத்த வீட்டில் கல் கிடைக்காமல் வீட்டுக்காரரே நாற்காலி போட்டுக் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். தமயந்தி காரின் நான்கு கதவையும் திறந்துபோட்டு உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகத் திறந்துள்ளது, திறந்துள்ளது என்று மாறிக்கொண்டே வந்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் கந்தப்பன் வீடும் மாறியது, அவர் பேத்தியின் காதுகுத்துக்கு வாங்கி வைத்திருந்த வாழைத்தாரைக் கதவுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார். இருபத்திரண்டு கதவு. பத்தொன்பதாவது சாத்தியே இருந்தது.

பன்னிரண்டு மணி. தமயந்தி ரிமோட்டை அமுக்கினாள். மாடியிலிருந்து டக் என்ற சத்தம், முன்னைவிடக் கனமாக, கிட்டத்தட்ட முழுதாக வந்து, கடைசியில் அடங்கியது. போதவில்லை. பத்தொன்பதாவது கதவு குடித்த பங்கு மட்டும் குறைவாக இருந்தது. சந்தே வாசல்களில் நின்றுகொண்டிருந்தது, பன்னிரண்டே காலாயிற்று, பன்னிரண்டரையாயிற்று, வெயில் சந்தின் நடுவே வெள்ளையாக நின்றது; தமயந்தி காரைவிட்டு இறங்கவில்லை, ரிமோட்டைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கிரானைட் படிக்கு மேலே கதவு திறந்தது. பழனாத்தாள் ஆட்டுக்கல் குழவியைத் தரையோடு உருட்டிக்கொண்டு வந்தாள். தூக்க முடியாமல், குனிந்து, இரண்டு கையாலும் தள்ளித் தள்ளி உருட்டி, கதவுக்கு முட்டாக நிறுத்திவிட்டு, நிமிர்ந்து, சந்துக்காரர்கள் எல்லாரையும் பார்த்தாள்.

"அவன் மாடிச் சாவியோட ஈரோட்டுக்குப் போயிருக்கறான், மூணு மணிக்கு வந்துருவான்" என்றாள். பிறகு, தமயந்தியைப் பார்த்து, "தட்டைத் தூக்கிட்டுப் படியேறிப் படியேறி எனக்குக் கால் போச்சு கண்ணு" என்றாள்.

தமயந்தி அமுக்கினாள். மாடியில் இரும்பு விலகுகிற சத்தம் சந்தின் இரண்டு முனைக்கும் கேட்டது. திரையில் இருபத்தெட்டாவது வரி மாறியது.

ரேணுகா உடனே இறங்கவில்லை. வெளிச்சத்துக்குக் கண் பழக மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, அம்மாவைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று, அவள் தோளில் கையை வைத்து, எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சந்துக்குள் வந்தாள். இரண்டு பக்கமும் திறந்த கதவுகள், ஒவ்வொரு கதவிலும் ஆட்கள். அவள் யாரையும் பார்க்காமல் நடக்கவில்லை. எல்லாரையும், ஒவ்வொருவராக, பார்த்துக்கொண்டே நடந்தாள். கந்தப்பனால் அதைத் தாங்க முடியவில்லை, உள்ளே போய்விட்டார். கோலப்பொடிக்காரி தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் வைத்தாள். ரேணுகா அதை மாட்டிக்கொண்டு, காரில் ஏறி உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்குச் செங்கோட்டுவேல் திரும்பிவந்து வீடு வீடாகக் கேட்டாராம், யார் செய்தது, யார் திறந்தது என்று. காரோட கோளாறுங்க என்றார்களாம் எல்லா வீட்டிலும். அவருடைய அம்மாவும் அதையேதான் சொன்னாளாம். அதற்குள் கதவுகள் அவரவர் சாவிக்குத் திரும்பிவிட்டன, பாதிப் பேருக்குச் சாவி எங்கே என்று தெரியவில்லை. ஆனால் அதெல்லாம் பிற்பாடு. இப்போது தமயந்தி சந்தைவிட்டு வெளியே வந்து, பை-பாஸில் ஏறி, எங்கே போகலாம் என்று கேட்டாள். கூடப் படித்த பெண் சேலத்தில் வேலை செய்கிறாள், அவளிடம் என்றாள் ரேணுகா. வண்டி வேகமெடுத்தது. இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் கதவுகளைத் தானாகப் பூட்டிக்கொள்வது அந்தக் காரின் வழக்கம். அதுவும் அப்படியே செய்தது. க்ளிக்.

ரேணுகாவின் கை கைப்பிடிக்குத் தாவியது. இழுத்தாள், திறக்கவில்லை. மறுபடி, மறுபடி இழுத்தாள்.

தமயந்தி ரோட்டோரம் வண்டியை ஒடித்து நிறுத்தினாள். எல்லாவற்றையும் திறந்துவிட்டு, இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, தன் கதவுக் கீலருகே இழுத்துவிட்டிருந்த ரப்பருக்குள் கையைவிட்டு, அந்தப் பழுப்பு வயரைத் தேடிப் பிடித்தாள். இருபது வருஷத்தில் ஒரு வண்டியின் வயரையும் அவள் பற்றவைக்காமல் விட்டதில்லை. மிச்சமிருந்த இரண்டு இழையையும் சேர்த்து வெட்டினாள். திரையில் வரிசை முழுவதும் அணைந்தது.

"இனி எந்த வேகத்துல போனாலும் இது பூட்டாது" என்றாள்.

ரேணுகா தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள், சாத்தினாள். மறுபடி திறந்தாள், சாத்தினாள். லாரிகள் காற்றை அடித்துக்கொண்டு போயின. தமயந்தி வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தாள். ஐந்தாவது தடவை சாத்திவிட்டு, கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரேணுகா சொன்னாள்:

"போலாங்க்கா."